ஆர்.பி. கண்ணுக்கு ஆயுர்வேதம்: நெய்யைத் தொடறதுக்கு முன்னாடி ஜீன் ரிப்போர்ட்டைப் பாருங்க

எங்க வீட்ல தம்பிக்கு ஆர்.பி., அதாவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, கண்ணுக்குள்ள இருக்கற ரெட்டினா (விழித்திரை) கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற பரம்பரை வியாதி. அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன். சின்ன வயசுல சாயங்காலம் கரண்ட் போச்சுன்னா அவன் மட்டும் உக்காந்த இடத்தை விட்டு அசைய மாட்டான், நாங்க பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவோம், பாட்டி மட்டும் இது மாலைக்கண்ணுடின்னு சொல்லி ஆட்டு ஈரல், முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணின்னு மாத்தி மாத்திப் போட்டாங்க. பத்தொம்பது வயசுல பட்டப்பகல்ல பைக்ல போயி ஓரமா நின்ன மாட்டு மேல இடிச்சான், அதுக்கப்புறம்தான் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போயி பேரே தெரிஞ்சுது. இதுக்கு மருந்து இல்லன்னு அங்க சொன்ன அன்னிக்கு ராத்திரியே சொந்தக்காரங்க பூரா போன்ல, கேரளாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, கண்ணுல நெய் ஊத்துவாங்க, சரியாயிரும்னு.

போனோம். இந்தப் பதினோரு வருஷத்துல நாலு தடவை தங்கி வைத்தியம் பாத்தாச்சு. அதுல எது செய்யலாம், எது செய்யக்கூடாது, எதை எந்த வரிசைல செய்யணும்னு பட்டுத் தெரிஞ்சுகிட்டதை எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அக்கா.

மொதல்லயே சொல்லிடறேன், ஆர்.பி.யை நிறுத்துதுன்னு பெரிய ஆய்வுல நிரூபிச்ச ஆயுர்வேத மருந்து ஒண்ணுகூட கிடையாது. அப்ப எதுக்குப் போறதுன்னு கேட்டா, கண் எரிச்சல், வறட்சி, தூக்கம் வராம புரளறது, மலச்சிக்கல், அப்புறம் நாள் பூரா மனசுக்குள்ள ஓடற பயம், இதுக்கெல்லாம் கைகொடுக்குது. தம்பி அங்க இருக்கற 14 நாளும் நல்லாத் தூங்குவான், அதுவே எங்களுக்குப் பெருசு. இதை மனசுல வெச்சுகிட்டுப் போனா ஏமாற மாட்டீங்க.

முதல் வேலை ஜீன் டெஸ்ட்

ஆர்.பி.ங்கறது ஒரே வியாதி இல்ல. உலகத்துல சுமாரா 4000 பேருக்கு ஒருத்தர்னு சொல்றாங்க, அதுக்குக் காரணமான ஜீன் 80-க்கும் மேல கண்டுபிடிச்சிருக்காங்க. பொதுவா இருட்டுல பாக்க உதவற ராடு செல்லு மொதல்ல சாகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கி சுருங்கி குழாய்க்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி ஆகும். வெளிய பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும், உள்ள காரணம் வேற வேற. இதுல சில காரணத்துக்கு நம்ம ஆயுர்வேதப் பத்தியமே விஷம், இதை நிறைய வைத்தியர்களும் கேக்கறதில்ல, நாமளும் சொல்றதில்ல.

ரெஃப்சம்னு ஒரு வகை இருக்கு. ரொம்ப அபூர்வம்தான். அவங்க உடம்புல ஃபைட்டானிக் ஆசிட்ங்கற ஒரு கொழுப்பு ஒடையாம சேந்துகிட்டே போகும், அது எதுல வருதுன்னா மாட்டுப் பால் கொழுப்பு, வெண்ணெய், நெய், ஆட்டுக்கறி மாட்டுக்கறி, சில மீன்ல. இப்ப யோசிச்சுப் பாருங்க, அப்படி ஒரு ஆளுக்குத் தினம் காலைல வெறும் வயித்துல திரிபலா நெய் குடுத்தா என்ன ஆகும்? கண்ணுக்கு மருந்துன்னு நினைச்சு குடுக்கறதே நரம்பையும் கண்ணையும் சேத்துக் கெடுக்கும். மாலைக்கண்ணோட வாசனை தெரியாம இருக்கறது, தோல் செதில் செதிலா உரியறது, நடக்கறப்ப தள்ளாட்டம், கால் மரத்துப்போறது, இதுல எது இருந்தாலும் நெய்யைத் தொடறதுக்கு முன்னாடி ஃபைட்டானிக் ஆசிட் ரத்த டெஸ்ட் கேளுங்க. இந்த வகைக்குப் பத்தியம்தான் முக்கிய வைத்தியமே, கண்டுபிடிச்சா மேல முத்தறதை நல்லாக் குறைக்கலாம், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

கைரேட் அட்ரோஃபின்னு இன்னொண்ணு, ரத்தத்துல ஆர்னிதின் ஏறி இருக்கும், அவங்க புரோட்டீனை, அதுலயும் ஆர்ஜினின் அதிகமா இருக்கறதைக் குறைக்கணும். எள்ளு, நிலக்கடலை எல்லாம் அதுல பெரிய ஆளுங்க. பலத்துக்குன்னு எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் குடுக்கற நம்ம வழக்கம் அவங்களுக்கு ஒத்துவராது. இதுல சிலருக்கு வைட்டமின் பி6 மாத்திரையே வேலை செய்யும், அதை டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். சின்னக் குழந்தைலேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கா மலம் போய்கிட்டு, நடையும் தள்ளாடுதுன்னா அபீட்டாலைப்போபுரோட்டினீமியான்னு ஒண்ணு, அதுக்கு வைட்டமின் ஏ, ஈ அதிக அளவுல குடுத்துப் பாத்துக்கறாங்க.

இதுக்கு நேர் எதிரா ஸ்டார்கார்ட்னு இன்னொரு பரம்பரை ரெட்டினா வியாதி. ஏ.பி.சி.ஏ.4 ஜீன்ல கோளாறு. இவங்களுக்கு வைட்டமின் ஏ உடைஞ்சு வர்ற கசடுதான் ரெட்டினாவுக்கு அடியில சேந்து கெடுக்கறதே, அதனால வைட்டமின் ஏ மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை எதுவும் கூடாது. சாதாரணமா சாப்பாட்டுல வர்ற கீரை கேரட்டுக்குப் பயப்பட வேண்டியதில்ல, மருந்து மாதிரி ஏத்தறதுதான் தப்பு.

வைட்டமின் ஏ பத்தி இன்னொரு விஷயம். 1993-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, தினம் 15,000 யூனிட் எடுத்தா ஆர்.பி. வேகம் கொஞ்சம் குறையுதுன்னு, அதே ஆய்வுல வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்தவங்களுக்கு வேகம் கூடுன மாதிரியும் இருந்துச்சு. பின்னாடி அதே ஆளுங்க டேட்டாவை ஜீன் தெரிஞ்சவங்களை வெச்சு திரும்ப அலசினப்ப ஏ-யோட பலன் தெரியல. மெடிக்கல்ல கேட்டு வாங்கி நீங்களா போட ஆரம்பிக்காதீங்க. லிவரைப் பாதிக்கும், மாசமா இருக்கறவங்க எடுத்தா குழந்தைக்கு ஊனம் வரலாம்.

டெஸ்ட் எடுத்தாலும் சில பேருக்கு விடை கிடைக்காது, அது உண்மை. கிடைச்சா லாபம். ஆர்.பி.ஈ.65 ஜீன்னு வந்தா அதுக்கு ஜீன் தெரபியே இருக்கு, லக்ஸ்டர்னா, 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, அப்ப வெச்ச விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர், நமக்கெல்லாம் எட்டாக் கனிதான், ஆனா நாளைக்கு ஏதாவது ட்ரயல் வந்தா ஜீன் ரிப்போர்ட் கையில இருக்கறவங்களத்தான் மொதல்ல கூப்புடுவாங்க. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் மாதிரி இடத்துல ஜெனடிக் கவுன்சலிங்கும் இருக்கு, வீட்ல கல்யாணத்துக்கு நிக்கற பசங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அத்தை பொண்ணு மாமா பையன் பேச்செல்லாம் அதுக்கப்புறம் பேசலாம்.

பழைய நூலே என்ன சொல்லுது

சுஸ்ருத சம்ஹிதையோட உத்தர தந்திரத்துல கண் நோய் 76. அதுல பார்வை சம்பந்தப்பட்டது 12. மாலைக்கண்ணுக்கு ஒண்ணு, அப்புறம் நகுலாந்த்யம்னு ஒண்ணு, கீரிப்பிள்ளை கண்ணு மாதிரி மினுங்கும், பகல்ல எல்லாம் கலர் கலரா தெரியும்னு விவரிக்கறாங்க. இன்னிக்கு ஆர்.பி.க்கு இந்த ரெண்டையும்தான் வைத்தியர்கள் ஒப்பிடறாங்க. வேடிக்கை என்னன்னா நகுலாந்த்யத்தை அந்த நூலே அசாத்தியம், அதாவது தீராததுங்கற பட்டியல்ல வெச்சிருக்கு. தாய் தகப்பன் வழியா வித்துலயே வர்ற நோய்க்குத் தனி வகையும் பிரிச்சிருக்காங்க. அதனால "எங்க ஆயுர்வேதத்துல இதுக்கு முழு குணம் இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா அவர் ஆயுர்வேதத்துக்கே விரோதமாத்தான் பேசறார். யாப்பியம்னு ஒரு வார்த்தை இருக்கு, தீராது, ஆனா கவனிச்சுகிட்டே இருந்தா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்ங்கறது. நல்ல வைத்தியர் பேச்சு அதையும் தாண்டிப் போகாது, "இருக்கறதைக் காப்பாத்தப் பாப்போம், உறுதி சொல்ல முடியாது"ன்னு நிறுத்திக்குவார்.

வைத்தியரைத் தேர்ந்தெடுக்கறப்ப பி.ஏ.எம்.எஸ். முடிச்சு அதுக்கு மேல சாலாக்கியத்துல எம்.எஸ். பண்ணவரான்னு பாருங்க, கண் காது மூக்குக்கு அதுதான் படிப்பு. நம்ம ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கிறாரா, ரெட்டினாவை அடுக்கடுக்காப் படம் எடுக்கற ஓ.சி.டி. ஸ்கேனைப் பாத்தா அவருக்குப் புரியுதான்னு கவனிங்க. கண் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்துன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. குருட்டுத்தன்மையைக் குணமாக்கறோம்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷத்து மருந்து, மாயாஜால விளம்பரச் சட்டப்படி குத்தம், அந்த அட்டவணைலேயே குருட்டுத்தன்மை இருக்கு. எங்களை ஒருத்தர் ஆறு மாசப் பேக்கேஜ்னு சொல்லி அட்வான்ஸா முழுப் பணமும் கட்டச் சொன்னார், பாட்டில்ல லேபிளே இல்ல, உள்ள என்னன்னு கேட்டா "குடும்ப ரகசியம்"னார். கட்டினோம், அது தனிக் கதை.

தர்ப்பணம்: என்ன நடக்கும், நீங்க என்ன பாத்துக்கணும்

நெய் ஊத்தறதுன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். மல்லாக்கப் படுக்க வெச்சு, பிசைஞ்ச உளுந்து மாவை கண்ணைச் சுத்தி வயலுக்கு வரப்பு கட்டற மாதிரி ரெண்டு விரக்கடை ஒசரத்துக்குக் கட்டுவாங்க. மருந்து நெய்யை வெந்நீர்ல வெச்சு உருக்கி, இளஞ்சூட்டுல, கண் இமை முடி முழுகற அளவுக்கு மூடின கண்ணு மேல ஊத்துவாங்க, அப்புறம் மெதுவா தொறந்து தொறந்து மூடச் சொல்வாங்க. நேரத்தை மாத்திரைக் கணக்குல (கண் இமைக்கற நேரம் ஒரு மாத்திரை) நூல் சொல்லுது, கபத்துக்கு 600, பித்தத்துக்கு 800, வாதத்துக்கு 1000. இப்ப பெரும்பாலும் கால் மணியிலேர்ந்து அரை மணிக்குள்ள முடிச்சுடறாங்க.

நெய் நம்ம ஒருத்தருக்குன்னு புதுசா எடுக்கறாங்களா, முந்தின ஆளோட மிச்சமான்னு கண்ணால பாருங்க. கேக்க கூச்சப்படாதீங்க, இன்ஃபெக்‌ஷன் வந்தா போறது இருக்கற கொஞ்சப் பார்வை. சூடு உங்க கை மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு ஊத்தச் சொல்லுங்க. கண் சிவந்திருந்தா, பூளை கட்டியிருந்தா, புரை ஆபரேஷன் பண்ணி சில மாசம்கூட ஆகலன்னா, ஜலதோஷம் காய்ச்சல் இருந்தா வேண்டாம். மேகமூட்டமான நாள், மனசு கலங்கியிருக்கற நேரம், தலைசுத்தல், இதுலயும் பண்ணக்கூடாதுன்னு நூலே சொல்லுது.

முடிஞ்சு எந்திரிச்சதும் ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும், நெய்ப் படலம். சாதாரண ஆளுக்கு அது ஒண்ணும் இல்ல, ஏற்கெனவே பக்கப் பார்வை இல்லாதவங்களுக்கு அந்த நேரத்துல படிக்கட்டும் வாசப்படியும் எமன். தம்பி ரெண்டாவது தடவை பாத்ரூம் போறேன்னு தனியா எந்திரிச்சு கட்டில் கால்ல மொழங்காலை இடிச்சுகிட்டான், எட்டு நாள் நொண்டினான். கூட ஒரு ஆள் கையைப் புடிச்சுகிட்டே இருக்கணும். வெளிச்சத்தைப் பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்க, ஆர்.பி. கண்ணு கூசற கண்ணுங்கறதால கறுப்புக் கண்ணாடி, தொப்பி ரெண்டையும் எடுத்துட்டே போங்க.

இது ரெட்டினாவுக்குள்ள போயி செல்லை உயிர்ப்பிக்குதான்னா, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்ல. வறண்ட கண்ணு ஈரமாகுது, அதனால எழுத்துப் பலகைல ஒரு வரி கூட படிக்க முடியலாம். நாங்க மொத தடவை அதைப் பாத்துட்டு அம்மாவுக்குப் போன் போட்டு அழுதோம், பார்வை வருதும்மான்னு. ஊருக்கு வந்து கொஞ்ச நாள்ல பழைய வரிதான்.

மத்ததுல இளநீர் குழம்பு சொட்டு மருந்து, பயங்கரமா எரியும், கண்ணீர் கொட்டும், எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு பல்லைக் கடிச்சுகிட்டு இருக்காதீங்க, எரிச்சல் அடங்காட்டி வைத்தியர்கிட்ட சொல்லி நிறுத்திடுங்க. மூக்குல மருந்து விடற நஸ்யம், நெத்தியில எண்ணெயைத் தாரையா ஊத்தற சிரோதாரா ரெண்டும் தூக்கத்துக்கு நல்லா இருந்துச்சு. காது கேக்காத ஆர்.பி. ஒண்ணு இருக்கு, அஷர்னு பேரு, அவங்க தலைல எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி ஹியரிங் எயிடை கழட்டி டப்பால வைங்க. காதுக்குள்ள எண்ணெய் விடறதை இ.என்.டி. டாக்டரைக் கேக்காம ஒத்துக்காதீங்க, இம்ப்ளான்ட் வெச்சிருந்தா கண்டிப்பா.

வாய்க்குள்ள போற மருந்து

பொதுவா எழுதித் தர்றது திரிபலா சூரணம், திரிபலா நெய் இல்ல ஜீவந்த்யாதி நெய், பட்டோலாதி நெய், சப்தாம்ருத லோஹம். நெய்ன்னா கொலஸ்ட்ரால், சுகர், பித்தப்பைக் கல்லு இருக்கறவங்க முன்னாடியே சொல்லணும். சப்தாம்ருத லோஹத்துல இரும்பு பஸ்மம், அதாவது புடம் போட்ட இரும்புத் தூள் இருக்கு, அதிமதுரமும் இருக்கு. அதிமதுரம் நிறைய நாள் போச்சுன்னா ரத்தத்துல பொட்டாசியம் குறையும், பி.பி. ஏறும். இங்க ஒரு சிக்கல் இருக்கு, ஆர்.பி.ல மாக்குலா, அதாவது ரெட்டினாவோட நடுப்பகுதி வீங்கினா கண் டாக்டர் அசிட்டசோலமைடு மாத்திரை குடுப்பார், அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். திரிபலா வயித்தால போக வெச்சா அதுல இன்னும் கொஞ்சம் போகும். மூணும் சேந்தா கால் கெண்டை இழுக்கும், படபடன்னு வரும், தம்பிக்கு வந்துச்சு. ரெண்டு டாக்டருக்கும் தெரியாது, ஏன்னா ஒருத்தர்கிட்ட இன்னொருத்தரைப் பத்திச் சொல்ல எங்களுக்குப் பயம், திட்டுவாங்களோன்னு. இப்பல்லாம் ஒவ்வொரு பாட்டில் லேபிளையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சு ரெண்டு பேர்கிட்டயும் காட்டறோம், திட்டினா திட்டட்டும்.

பஸ்மம், ரசம், செந்தூரம்னு பேர் முடியற எதையும் லைசென்ஸ் நம்பர், தயாரிச்ச தேதி, உள்ள இருக்கற பொருள் இல்லாத பொட்டலத்துல வாங்காதீங்க. 2008-ல அமெரிக்காவுல இன்டர்நெட்ல விக்கற ஆயுர்வேத மருந்து 193-ஐ சோதிச்சதுல சுமாரா அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லிவர், கிட்னி, பொட்டாசியம், கொலஸ்ட்ரால் டெஸ்ட் ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு, அவ்ளோதான் செலவு.

வீட்ல

எண்ணெய்க் குளியல் தாராளமா செய்யலாம், புதன் சனி உங்க வசதி. உள்ளங்கால்ல எண்ணெய் தேய்க்கறது கண்ணுக்குக் குளுமைன்னு வைத்தியர்களும் சொல்றாங்க, நம்ம பாட்டிகளும் சொல்றாங்க, தம்பிக்கு நல்லாத் தூக்கம் வருது. ஒரே கண்டிஷன், தேய்ச்சதும் கட்டில்லயே இருக்கணும், துணியால ஒத்தி எடுத்துட்டுத்தான் தரைல கால் வைக்கணும், கீழ பாக்கற பார்வை இல்லாதவங்க எண்ணெய்க் காலோட மொசைக் தரைல நடந்தா இடுப்பெலும்பு போயிடும். குளியலறைல வழுக்காத மேட் போடுங்க.

நந்தியாவட்டைப் பூவை கழுவி மூடின கண்ணு மேல வெச்சுக்கலாம், சுகமா இருக்கும். கண்ணுக்குள்ள தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால், பூச்சாறு எதையும் விடாதீங்க. விடியக்காலைல சூரியனைக் கண் கொட்டாம பாருன்னு ஒரு கூட்டம் சொல்லும், ரெட்டினாவையே சுட்டுடும், பக்கத்துலயே போகாதீங்க. சிரசாசனம் கண் அழுத்தத்தை ஏத்தும், வேண்டாம். பத்தியத்துல பச்சைப்பயறு, நெல்லிக்கா, மாதுளை, முருங்கைக்கீரை எல்லாம் வரும், நல்ல சாப்பாடுதான், முன்ன சொன்ன ஜீன் விஷயம் மட்டும் பாத்துக்கங்க. ராத்திரி முழிக்காதே, கண்ணீரை அடக்காதேன்னும் சுஸ்ருதர் சொல்றார், ஆம்பளைப் பையன் அழக்கூடாதுன்னு சொல்ற எங்கப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன்.

பலன் இருக்கான்னு எப்படிப் பாக்கறது

இதுலதான் எல்லாரும் ஏமாறுறோம். ஆர்.பி. வருஷக்கணக்குல மெதுவா போற வியாதி. மூணு மாசத்துல எதுவும் செய்யாம சும்மா இருந்தாலே பெருசா ஒண்ணும் மாறாது. அந்த மூணு மாசம் மருந்து சாப்பிட்டுட்டு "பாருங்க, அப்படியே நிறுத்திட்டோம்"னா அது யார் செஞ்ச வேலை? அதனால வைத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபீல்ட் டெஸ்ட் (பக்கப் பார்வை எவ்ளோ இருக்குன்னு அளக்கறது), ஓ.சி.டி., கண்ணாடி போட்ட பார்வை மூணையும் எடுத்து வைங்க. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆஸ்பத்திரில, அதே மெஷின்ல. ஃபீல்ட் டெஸ்ட் தூங்கி வழிஞ்சுகிட்டு செஞ்சா மோசமா வரும், நல்லாத் தூங்கின அன்னிக்கு நல்லா வரும், ஒரு பேப்பரை வெச்சு சந்தோஷப்படவும் வேண்டாம், ஒடைஞ்சு போகவும் வேண்டாம், மூணு நாலு பேப்பரை வரிசையா வெச்சுப் பாருங்க.

திடீர்னு பார்வை குறைஞ்சா அது வியாதி முத்திடுச்சுன்னு நீங்களா முடிவு பண்ணி கேரளாவுக்கு டிக்கெட் போடாதீங்க. ஆர்.பி. இருக்கறவங்களுக்கு சின்ன வயசுலயே புரை வரும், ஆபரேஷன் பண்ணலாம். மாக்குலா வீங்கும், டார்சோலமைடு சொட்டு மருந்தோ மாத்திரையோ கேக்கும். மின்னல் அடிச்ச மாதிரி வெளிச்சத்தோட ஒரு பக்கம் திரை விழுந்தா அன்னிக்கே கண் ஆஸ்பத்திரி. தம்பிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி குறைஞ்சது வீக்கத்தாலதான், நாங்க நெய்யை மாத்திப் பாத்துகிட்டே நாலு மாசம் வீணாக்கினோம்.

அந்த ஃபீல்ட் பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க, இன்னொண்ணுக்கும் அதுதான் சாட்சி. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல பார்வைக் குறைவுன்னா எழுத்து படிக்கறது மட்டும் கணக்கு இல்ல, நல்ல கண்ணுல பாக்கற வட்டம் 40 டிகிரிக்குக் கீழ போனா குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழ போனா பார்வையின்மை, பலகைல கடைசி வரி வரைக்கும் படிச்சாலும்கூட. தம்பி ஒரு கண்ணுல 6/9, அதாவது பலகைல கிட்டத்தட்ட கீழ் வரி வரைக்கும் படிக்கிறான்னு சொல்லி மொத தடவை சர்டிபிகேட் கிடையாதுன்னுட்டாங்க. அடுத்த தடவை நான் அஞ்சு வருஷத்து ஃபீல்ட் பிரிண்டை ஃபைல்ல அடுக்கி எடுத்துட்டுப் போயி மேஜை மேல விரிச்சேன், டாக்டர் அஞ்சையும் பொறுமையா பாத்துட்டு தம்பியை நிமிர்ந்து பாத்து, "இத்தனை நாளா எப்படிப்பா ரோடு கிராஸ் பண்றே"ன்னு கேட்டார். அட்டை அடுத்த மாசம் வந்துச்சு.